விழித்தாவல்

இந்த வரியைப் படிக்கும்பொழுது உங்கள் கண்கள் நீரோட்டம்போல் சீராக நகர்கின்றன என்று எண்ணுகிறீர்களா? உண்மையில் அவை ஓரிடத்தில் சற்றே தங்கி, அடுத்த இடத்திற்குத் தாவி, மீண்டும் தங்குகின்றன. கண்ணாடியின் முன் நின்று உங்கள் இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி நோக்குங்கள். கண் அசைவது உங்களுக்குத் தெரியாது. அருகில் நிற்கும் தோழருக்கோ தெளிவாகத் தெரியும். தாவும் நேரத்தில் மூளை பார்வையைத் தணித்துவிடுவதே இதற்குக் காரணம். இவ்வசைவை அறிவியலார் 'சாக்கேட்' என்பர். நாம் விழித்தாவல் எனலாம். பெரிய தாவலின்போது கண் நொடிக்கு 500 பாகை வரையும் அதற்கு மேலும் வேகம் கொள்ளும்.

இவ்வேகம் குறைவது ஒரு நோயின் அடையாளம் என்பதை உலகிற்கு எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் மும்பை நரம்பியல் மருத்துவர் நோஷிர் வாடியா. நடை தள்ளாடி, பேச்சுக் குழறும் நோயாளிகள் சிலரின் கண்கள் மிக மெதுவாக நகர்வதை அவர் கண்டார். ஒரே குடும்பத்தில் பலர் இவ்வாறு இருந்தனர். இத்தகைய ஒன்பது குடும்பங்களைப் பற்றி அவரும் மருத்துவர் சுவாமியும் 1971ஆம் ஆண்டு 'பிரெயின்' என்னும் ஆய்விதழில் எழுதினர். மூளையைப் படம்பிடிக்கும் கருவிகள் இன்றுபோல் பெருகாத காலம் அது. நோயாளியின் முகத்தைப் பொறுமையாக நோக்கியதன் பயன் எவ்வளவு பெரிது!

அந்நோய் பெரும்பாலும் இன்று 'எஸ்.சி.ஏ. 2' எனப்படும் தள்ளாட்ட நோயாக இருந்திருக்க வேண்டும் என்று கருதுகின்றனர். இதற்குரிய மரபணுவை 1996இல் மூன்று ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. அம்மரபணுவில் மூன்றெழுத்துத் தொடர் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. பெரும்பாலோரிடம் அது 22 முறை வரும். நோயுற்றோரிடம் பொதுவாக 33 முறையோ அதற்கு மேலோ வரும். தாய் தந்தையருள் ஒருவரிடம் இக்குறை இருப்பின், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர வாய்ப்புப் பாதிக்குப் பாதி. நாளடைவில் சிறுமூளையும் மூளைத்தண்டும் நலிகின்றன. கண்ணைத் தாவச் செய்யும் நரம்பணுக்கள் மூளைத்தண்டில்தான் உள்ளன. அவை நலிந்தால், கண் இலக்கை அடையும். ஆனால் ஊர்ந்து அடையும்.

கியூபா நாட்டின் ஒல்கீன் மாகாணத்தில் இந்நோய் உலகில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு மிகுதி. அங்குள்ள ஆய்வாளர்கள் நோயுற்றோரை மட்டுமன்றி, மரபணுக் குறையிருந்தும் இன்னும் நன்றாக நடமாடும் உறவினரையும் ஆராய்ந்தனர். திரையில் ஒளிப்புள்ளி ஒன்று இடம் மாறும். அதைக் கண் எவ்வளவு விரைவாகப் பின்தொடர்கிறது எனக் கருவி பதிவு செய்யும். வலியில்லை, ஊசியில்லை. கால்கள் தள்ளாடத் தொடங்குமுன்பே விழித்தாவலின் வேகம் குறைவதை அவர்கள் கண்டனர். மூன்றெழுத்துத் தொடர் மிகுந்தோரிடம் வேகம் மேலும் குறைவாக இருந்தது.

மரபணுச் சோதனை இருக்கும்பொழுது இது எதற்கு என்று கேட்கத் தோன்றும். நோய் வரக்கூடும் என்பதை மட்டுமே மரபணு கூறும்; அது எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதைக் கண்ணின் வேகம் காட்டும். புதிய மருந்து ஒன்று நோயைத் தடுக்கிறதா என்பதைத் தள்ளாட்டம் வரும்வரை காத்திராமல் அறிய இத்தகைய அளவுகோல் வேண்டும். நோயை நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை என்பதால் இத்தேவை பெரிது. ஆயினும், களைப்பாலும் சில மருந்துகளாலும் கண் மெதுவாகலாம். எனவே வீட்டில் ஒருவர் கண்ணைப் பார்த்து முடிவு கட்டுதல் தவறு.

இன்னொன்றும் உண்டு. மருந்தில்லாத நோய் தமக்கு வருமா என அறிந்துகொள்ள எல்லோரும் விரும்புவதில்லை. இளமையிலேயே தெரிந்துகொண்டு வாழ்வைத் திட்டமிட விழைவோர் உளர். தெரியாமலிருப்பதே அமைதி என்போரும் உளர். இரண்டும் மதிக்கத்தக்க முடிவுகளே. ஆகவே சோதனைக்கு முன் மரபணு ஆலோசகர் அவர்களுடன் விரிவாகப் பேசுகிறார். நோய்க்குறி இல்லாத சிறுவர்க்கு இச்சோதனையைச் செய்வதில்லை; வளர்ந்தபின் அவர்களே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிடுகின்றனர்.