எண்ணெய்ப் பிசுக்கேறிய எஞ்சின் கூடுகளைத் துப்புரவாக்கும் முறை

உழவு முடிந்ததும் எருமைகளை ஓடையில் இறக்கித் தேய்த்துக் குளிப்பாட்டுதல் நம் கமக்காரரின் பழைய வழக்கமாகும். எருமையின் மேலிருந்த சேறு வயற்சேறே. அது நீரோடு கலந்து மீண்டும் வயலையே அடைந்தது. அதனால் எவர்க்கும் தீங்கு நேர்ந்ததில்லை. 1960 ஆம் ஆண்டுகளில் இரு சக்கர உழவு இயந்திரம் இந்நாட்டு வயல்களிற் பரவத் தொடங்கியது. அவற்றுள் ஒன்றான லான்ட்மாஸ்டர் என்பதன் பெயரே இன்று அவ்வகை இயந்திரங்கள் அனைத்திற்கும் வழங்கும் பொதுப்பெயராயிற்று. எருமையின் இடத்தை இயந்திரம் பற்றிக்கொண்டது. ஆனால் ஓடையிற் கழுவும் வழக்கம் மாத்திரம் மாறவில்லை.

எருமையின் மேல் இருந்தது சேறு. எஞ்சினின் மேல் இருப்பதோ சேற்றோடு கலந்த எண்ணெயும் கிறீசும் எரிபொருளுமாகும். இவற்றை அகற்றுதற்குப் பெற்றோல், மண்ணெண்ணெய், எரிசோடா எனக் கையிற் கிடைத்ததையெல்லாம் பலர் உபயோகிக்கின்றனர். இவற்றுட் சில எஞ்சினைக் கெடுப்பன. சில வீட்டை எரிப்பன. சில குடிநீரைக் கெடுப்பன. எதை எங்கு உபயோகிக்கலாம், எதனை விலக்க வேண்டும் என்பவற்றை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

துப்புரவு ஏன் வேண்டும்?

எஞ்சினில் உண்டாகும் வெப்பத்தின் ஒரு பகுதி அதன் கூட்டின் வழியாகவே வெளியேறுகின்றது. காற்றாற் குளிரும் சிறு எஞ்சின்களில் சிலிண்டரைச் சுற்றி மெல்லிய தகடுகள் வரிசையாக அமைந்திருத்தலைக் காணலாம். அத்தகடுகளின் இடைவெளிகளை எண்ணெயும் தூசியும் வைக்கோற் துகளும் அடைத்துக்கொண்டால் வெப்பம் வெளியேறாது. அதனால் எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சூடேறும். எண்ணெய் தன் வழவழப்பை இழக்கும். உள்ளுறுப்புகள் விரைவிற் தேயும்.

மற்றொரு காரணமும் உண்டு. பிசுக்கேறிய கூட்டில் எண்ணெய் எவ்விடத்திற் கசிகின்றது என்பதை அறிய முடியாது. துப்புரவான கூட்டிலோ ஒரு மணி நேரம் ஓட்டியவுடன் கசியுமிடம் தானே தெரியும். தளர்ந்த ஆணியையும் நைந்த அடைப்பையும் பெரும்போகத்திற்கு முன்னரே கண்டு திருத்திவிட்டால், உழவின் நடுவில் இயந்திரம் நின்றுபோகும் இடர் குறையும்.

முதலில் உலோகத்தை அறிக

எல்லா எஞ்சின் கூடுகளும் ஒரே உலோகத்தாலானவை அல்ல. உழவு இயந்திரத்திற் பொருத்தப்பட்டிருக்கும், நீராற் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சினின் உடற்பகுதி பெரும்பாலும் வார்ப்பிரும்பாகும். மரக்கறித் தோட்டங்களுக்கு நீரிறைக்கும் சிறு பெற்றோல் எஞ்சின்களும், முதுகிற் சுமக்கும் விசைத் தெளிகருவிகளும் பெரும்பாலும் அலுமினியக் கலப்புலோகக் கூடுடையவை. மரமரியும் சங்கிலி வாள்கள் பலவற்றின் கூடு மகனீசியக் கலப்புலோகமாகும்.

இதனை அறிய ஒரு சிறு காந்தத் துண்டு போதுமானது. காந்தம் ஒட்டிக்கொண்டால் அப்பகுதி இரும்பு. ஒட்டாவிடின் அதனை அலுமினியமாகவோ மகனீசியமாகவோ கொள்ள வேண்டும். வார்ப்பிரும்பு எஞ்சினிலும் பக்க மூடிகள் அலுமினியமாக இருக்கலாமாகையால் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே சோதித்தல் நன்று.

கழுவும் பொருள்களின் குணங்கள்

பெற்றோல்: இது பிசுக்கை விரைவிற் கரைக்கும் என்பது உண்மையே. ஆயினும் இதனைக் கழுவுதற்கு ஒருபோதும் உபயோகித்தலாகாது. பூச்சியத்திற்குக் கீழ் 40 பாகை செல்சியஸ் அளவான குளிரிலுங்கூடப் பெற்றோலிலிருந்து தீப்பற்றக்கூடிய ஆவி எழும். அவ்வாவி காற்றிலும் பாரமானது. கண்ணுக்குத் தெரியாது நிலத்தோடு ஊர்ந்து பள்ளத்தை நோக்கிச் செல்லும். கண்டிப் பகுதியில் வீடுகள் பெரும்பாலும் சரிவிலே கட்டப்பட்டவை. மேலே கொட்டிலில் எஞ்சினைக் கழுவ, கீழேயுள்ள அடுப்படியிலிருந்து தீ எழுந்து வரலாம். மேலும் பெற்றோலிலுள்ள பென்சீன் இரத்தப் புற்றுநோயை உண்டாக்கவல்லது. மூச்சு வழியே அது உடலிற் சேரும். தீந்தை கலக்கும் தின்னருக்கும் தீப்பற்றும் இக்குணம் உண்டு.

மண்ணெண்ணெயும் டீசலும்: மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகைக்கு மேலும், டீசல் ஏறத்தாழ 50 பாகைக்கு மேலும் சூடேறிய பின்னரே தீப்பற்றும் ஆவியைக் கொடுக்கும். கண்டியின் சாதாரண வெப்பநிலை இவ்விரண்டிலும் குறைந்ததாகையால் குளிர்ந்த எஞ்சினில், நெருப்பில்லாத திறந்த வெளியில், இவற்றைச் சிறிதளவு உபயோகிக்கலாம். சூடான எஞ்சின் இவ்வெல்லையைக் கடந்திருக்குமாகையால் அதன்மேல் இவற்றை ஊற்றுதல் பேராபத்து. இவை இரும்பையும் அலுமினியத்தையும் அரிப்பதில்லை. ஆனால் இறப்பர்க் குழாய்களும் பட்டிகளும் இவற்றில் ஊறினாற் கெட்டுவிடும்.

எரிசோடா: சமையற் பாத்திரத்தின் கொழுப்பை எரிசோடா அகற்றுதலைக் கண்ட சிலர் எஞ்சினுக்கும் அதுவே தக்கதெனக் கருதுகின்றனர். இக்கருத்துப் பிழையானது. தேங்காயெண்ணெய் போன்ற தாவர எண்ணெய்களும் விலங்குக் கொழுப்புகளும் எரிசோடாவோடு சேர்ந்து சவர்க்காரமாக மாறுவன. ஆகவே நீரிற் கழுவுண்டு போகின்றன. எஞ்சின் எண்ணெயோ பெரும்பாலும் நிலத்திலிருந்து எடுக்கப்படும் கனிய எண்ணெயாகும். அது எரிசோடாவாற் சவர்க்காரமாக மாறுவதில்லை. மாறாக, எரிசோடா அலுமினியத்தையே கரைத்து ஐதரசன் வாயுவை வெளிவிடும். கூடு கறுத்துக் குழிவிழும், பொருத்துமிடங்கள் கெடும். எரிசோடா கண்ணிற் பட்டால் பார்வையையே இழக்க நேரிடும்.

சலவைச் சோடாவும் அடுப்புச் சாம்பலும்: இவையும் காரத்தன்மை உடையன. எரிசோடாவைப்போற் கடுமையானவை அல்லவெனினும் அலுமினியத்தின் மேற்பரப்பை மங்கச் செய்து அரிக்கும். சாம்பல் உலோகத்தைக் கீறவும் செய்யும். வார்ப்பிரும்பின் வெளிப்புறத்திற்கு மாத்திரம் இவற்றை உபயோகித்து உடனே நன்றாகக் கழுவிவிடலாம்.

அமிலங்கள்: மலசலகூடம் கழுவும் அமிலமும், மோட்டர் வாகனச் சில்லுகளைப் பளபளப்பாக்கும் சில திரவங்களும் உலோகத்தை அரிப்பன. மகனீசியக் கூடு அமிலத்தில் மிக விரைவாகக் கரையும். எண்ணெய்ப் பிசுக்கை அகற்ற அமிலத்தால் ஆவது ஒன்றுமில்லை. அமிலமும் வெளிற்றும் தூளும் கலந்தால் நச்சுவாயுவான குளோரின் எழும். ஆகையால் இவ்விரண்டையும் எக்காரணத்தைக் கொண்டும் கலத்தலாகாது.

குளோரின் சேர்ந்த கரைப்பான்கள்: காபன் நாற்குளோரைட்டு, திரைகுளோரோஎதிலீன் என்பன முற்காலத்தில் தொழிற்சாலைகளிற் பெரிதும் விரும்பப்பட்டன, ஏனெனில் இவை பிசுக்கை நன்கு கரைப்பன, எளிதில் தீப்பற்றாதன. ஆயினும் முன்னது ஈரலைக் கெடுக்கும். பின்னது புற்றுநோயை விளைவிக்கும். காபன் நாற்குளோரைட்டு வான்மண்டலத்தின் ஓசோன் படையையும் அழிப்பதாகையால் 1987 ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டது. தீப்பற்றாத பொருள் தீங்கற்ற பொருளென எண்ணலாகாது என்பதற்கு இதுவே சான்றாகும்.

சவர்க்காரக் கரைசல்: பாத்திரம் கழுவும் திரவச் சவர்க்காரம் காரம் குறைந்தது, எல்லா உலோகங்களுக்கும் தக்கது. தடித்த பிசுக்கை இது தனித்து அகற்றாது. பிசுக்கின் பெரும்பகுதி எடுக்கப்பட்டபின் எஞ்சியிருக்கும் மெல்லிய படலத்தைப் போக்குதற்கு இதுவே மிகச் சிறந்தது. கடைகளில் விற்கப்படும் எஞ்சின் துப்புரவுத் திரவங்களை வாங்குவோர், அவை அலுமினியத்திற்கு ஏற்றவை எனப் போத்தலிற் குறிப்பிடப்பட்டுள்ளதா என்பதைப் பார்த்தே வாங்க வேண்டும்.

செய்முறை

1. எஞ்சினை நிறுத்தி, கை வைக்கத்தக்க அளவிற்கு முற்றாக ஆறவிடுக. சூடான வார்ப்பிரும்பின் மேற் குளிர்ந்த நீர் பட்டால் வெடிப்பு உண்டாகலாம்.

2. ஓடையிலிருந்தும் கிணற்றிலிருந்தும் விலகிய சமதரையைத் தெரிந்து, எஞ்சினின் கீழ் அகன்ற தகரத் தட்டொன்றை வைக்குக. தட்டைச் சுற்றி உமியையோ மரத்தூளையோ பரப்புக. சிந்தும் எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும்.

3. காற்றுவடி, காபுரேற்றர், மின்கம்பித் தொடுப்புகள், புகைபோக்கியின் வாய் என்பவற்றைப் பொலித்தீனால் மூடிக் கட்டுக.

4. மரச் சீவலாலோ மூங்கிற் சிம்பாலோ தடித்த பிசுக்கைச் சுரண்டித் தட்டில் விழுத்துக. அலுமினியத்தில் இரும்புக் கத்தியை உபயோகித்தலாகாது. வேலையின் பெரும்பகுதி இச்சுரண்டலிலேயே முடிந்துவிடும். இதற்கு ஒரு துளி திரவமும் வேண்டியதில்லை.

5. ஒரு கோப்பை மண்ணெண்ணெயை அல்லது டீசலைச் சிறு பாத்திரத்தில் எடுத்துத் தூரிகையால் தொட்டுப் பூசுக. பத்து நிமிடம் ஊறவிட்டுத் தேய்த்து, பழந்துணியால் ஒற்றியெடுக்குக. ஊற்றிக் கழுவுதல் வேண்டா.

6. 5 லீற்றர் நீரில் இரண்டு மேசைக்கரண்டி திரவச் சவர்க்காரத்தைக் கலந்து, தும்புத் தூரிகையால் தேய்த்து, சிறிதளவு நீரால் அலசுக. அதிக அழுத்தமுள்ள நீரைப் பாய்ச்சினால் அடைப்புகளைத் தாண்டி நீர் உட்செல்லும்.

7. உலர்ந்த துணியாற் துடைத்து வெயிலில் உலரவிடுக. வார்ப்பிரும்பில் தீந்தை உரிந்துள்ள இடங்களில் எண்ணெய் தொட்ட துணியால் மெல்லிதாகத் தடவுக. இன்றேல் மலைநாட்டின் ஈரக்காற்றில் விரைவிற் துருவேறும்.

மிஞ்சிய மண்ணெண்ணெயை மூடியுள்ள தகரத்தில் இரண்டொரு நாள் தெளியவிட்டு, மேலே தெளிந்ததை அடுத்த முறைக்கு உபயோகிக்கலாம். அடியிற் படிந்த கசடைப் பழைய எஞ்சின் எண்ணெயோடு சேர்த்து வைக்க வேண்டும்.

கழுவிய நீர் எங்கே செல்கின்றது?

கண்டி மாவட்டத்தில் நீர் ஓரிடத்தில் நிற்பதில்லை. மேல் வயலில் விழுந்தது கீழ் வயலுக்கும், அங்கிருந்து ஓயாவிற்கும், ஓயாவிலிருந்து மகாவலி கங்கைக்கும் செல்கின்றது. அக்குறணைப் பக்கத்திலிருந்து வரும் பிங்கா ஓயாவும், கண்டி வாவியிலிருந்து நகரினூடே ஓடும் மெத எலவும் மகாவலியிலேயே கலக்கின்றன. கண்டி நகருக்கும் சூழவுள்ள ஊர்களுக்கும் குடிநீர் வழங்கும் கட்டுகஸ்தோட்டைச் சுத்திகரிப்பு நிலையம் மகாவலி நீரையே எடுக்கின்றது. அதற்கு அப்பால், 1976 ஆம் ஆண்டில் நிறைவேறிய பொல்கொல்லைத் திட்டத்தின்படி அந்நீரின் ஒரு பகுதி ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே உக்குவளைக்குத் திருப்பப்பட்டு வரண்ட பகுதி வயல்களுக்குப் பாய்கின்றது. மேலே ஒருவர் ஓடையில் விட்ட எண்ணெய் எத்தனை பேரைச் சேரும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

வயலில் எண்ணெய் படர்ந்தால் நீரின்மேல் மெல்லிய படலமாகப் பரவிக் காற்று நீரிற் கலப்பதைத் தடுக்கும். இளம் நாற்றுகளைக் கருக்கும். சவர்க்காரத்தோடு சேர்த்து விட்டாற் படலம் தெரியாது. ஆனால் எண்ணெய் மறைந்துவிடவில்லை. அது நுண்துளிகளாகப் பிரிந்து நீர் முழுவதும் கலந்துவிடும். பின்னர் அதனை எவ்வகையாலும் வழித்தெடுக்க இயலாது. பிசுக்கைச் சுரண்டி எடுத்த பின்னரே சவர்க்கார நீரை உபயோகிக்க வேண்டுமென மேலே கூறியதன் காரணம் இதுவேயாகும். உள்நாட்டு நீர்நிலைகளை மாசுபடுத்துதல் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடற் சட்டத்தின்படி குற்றமுமாகும்.

சேர்த்து வைத்த கசடையும் பழைய எண்ணெயையும், அவற்றை ஏற்றுக்கொள்ளும் வாகனச் சேவை நிலையத்திற் கொடுத்துவிடுக. வேலிக் கம்பங்களுக்குப் பூசுதலும், குப்பையோடு எரித்தலும், மரக்கறிப் பாத்திகளின் அருகே புதைத்தலும் தவிர்க்கத்தக்கன.

உடலைப் பேணுதல்

பழைய எஞ்சின் எண்ணெய் திரும்பத் திரும்பத் தோலிற் படுமாயின் நாளடைவில் தோற் புற்றுநோய் உண்டாகலாம். ஆகையால் எண்ணெய்க்குத் தாங்கும் கையுறை அணிந்தே வேலை செய்க. கைகளை மண்ணெண்ணெயாற் கழுவாது சவர்க்காரத்தாற் கழுவுக. தெளிகருவியின் கூட்டில் பூச்சிகொல்லியும் படிந்திருக்குமாகையால் அதனைக் கழுவும்போது கூடிய கவனம் வேண்டும். எண்ணெய்த் துணிகளை மூடியுள்ள தகரத்தில் இட்டு அடுப்பிற்குத் தொலைவில் வைக்க வேண்டும்.

மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைத்தலாகாது. சிறுவர் தண்ணீரென எண்ணிக் குடித்துவிடுவர். அவ்வாறு நேரின் வாந்தியெடுக்கச் செய்யலாகாது. வாந்தியின்போது அது நுரையீரலினுட் சென்று உயிருக்கே ஆபத்தை விளைவிக்கும். தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. காரமோ அமிலமோ கண்ணிற் பட்டால் குறைந்தது இருபது நிமிடம் ஓடும் தூய நீராற் கழுவி, உடனே வைத்தியரிடம் காட்டுக. தேசிக்காய்ச் சாறு முதலியவற்றை விடுதல் தவறு.

நினைவிற் கொள்ளத்தக்கவை

கழுவும் பொருளைத் தெரியுமுன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: இக்கூடு எவ்வுலோகத்தாலானது? இப்பொருள் எளிதிற் தீப்பற்றுமா? கழுவிய நீர் எங்கே செல்லும்? இம்மூன்றிற்கும் தக்க விடை தருவன ஒரு மரச் சீவல், ஒரு கோப்பை மண்ணெண்ணெய், சிறிது சவர்க்காரம், ஒரு தகரத் தட்டு ஆகியனவே. இவை எல்லோர் வீட்டிலும் உள்ளன. எண்ணெயைக் கரைத்து ஓடவிடுதல் துப்புரவன்று. அதனை எடுத்து ஓரிடத்திற் சேர்த்தலே துப்புரவாகும்.

மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகுவாராக.