மைனர் பிள்ளைகளின் பங்கும் மாவட்ட நீதிமன்றமும்

ஒரகடத்தில் தொழிற்சாலைகள் பெருகிய பின்னர், வாலாஜாபாத் சுற்றுவட்டாரத்தில் மனைநிலத்துக்குக் கிராக்கி மிகுந்துவிட்டது. ஒரு குடும்பத் தலைவர் இறைவனடி சேர்ந்தால், முப்பதாம் நாள் திருப்பலி நிறைவேறுமுன்னரே வீட்டை விலை கேட்போர் வாயிற்படியில் நின்றாலும் வியப்பதற்கில்லை.

உயில் எழுதாமல் மறைந்த நெசவாளி ஒருவரின் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். கைம்பெண்ணான தாய், இருபது வயது மகள், பள்ளியிற் பயிலும் இரு சிறுவர். தறிக்குழியோடு கூடிய ஓட்டு வீடொன்றே ஆஸ்தி. மூத்தவளின் திருமணம் நெருங்குகின்றது, கடன்காரரும் நெருக்குகின்றனர். தாசில்தார் தந்த வாரிசுச் சான்றிதழ் கையில் உள்ளது. தாயும் மகளும் கையொப்பமிட்டால் கிரயம் செல்லாதா?

அவர்களுடைய பங்குகளுக்கு மட்டுமே அது செல்லும். வாரிசுகள் யாவர் என்பதைச் சான்றிதழ் காட்டுமேயன்றி, பிறர் பங்கை விற்கும் அதிகாரத்தை எவருக்கும் தராது. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, கிறிஸ்தவக் குடும்பத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சியது ஆண் பெண் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகச் சேரும். (தந்தையின் பங்கைக் கேட்டு மோயீசன் முன் நின்ற ஐந்து சகோதரியரை நாம் அறிவோம். பழைய திருவிதாங்கூர்ப் பகுதிக் கிறிஸ்தவப் பெண்களுக்கு இச்சமவுரிமை உறுதியானது 1986இல், மேரி ராய் வழக்கிற்றான்!) ஆகவே நம் நெசவாளியின் வீட்டில் ஒன்பதில் நான்கு பங்கு அவ்விரு சிறுவருக்கே உரியது.

அப்பங்கை விற்கப் பெற்ற தாய் என்னும் உறவு மட்டும் போதாது. 1890ஆம் ஆண்டுக் காப்பாளர் சட்டத்தின்படி மாவட்ட நீதிமன்றத்தில் மனுச்செய்து, சொத்துக்குக் காப்பாளராக நியமனம் பெற்று, விற்பனைக்கு முன்னனுமதியும் பெறுவதே பாதுகாப்பான வழி. தவிர்க்கவியலாத தேவையோ, பிள்ளைக்குத் தெளிவான நன்மையோ இருந்தாலன்றி நீதிபதி அனுமதி தரலாகாது. அக்காளின் திருமணச் செலவு தம்பியரின் தேவையாகுமா என்று அவர் வினவக்கூடும், நியாயமான வினாவே. கடன் தந்தையுடையதாயின் அது வேறு. அதைத் தீர்த்த பின்னரே பங்கீடு. உறவினருக்கு அறிவிப்பு அனுப்பவும், பகிரங்க ஏலத்தில் விற்கச் சொல்லவும், சிறுவரின் பணத்தை நீதிமன்றத்திற் கட்டி முதலீடு செய்யச் சொல்லவும் அவருக்கு அதிகாரமுண்டு.

தாமதமாகின்றதே என்று முணுமுணுப்போர் தாவணகெரே வழக்கை நோக்குக. 1971இல் மைனர் மக்கள் பெயரில் வாங்கிய மனைகளைத் தந்தை அனுமதியின்றி விற்றார். மக்கள் வளர்ந்து அவற்றை வேறொருவருக்கு விற்றனர். அவ்வாறு தந்தையின் விற்பனையை அவர்கள் தள்ளியது செல்லும் என உச்ச நீதிமன்றம் 2025இல் தீர்த்தது. அது இந்துச் சட்டத்தின்கீழ் எழுந்த வழக்கு. எனினும் 1890ஆம் ஆண்டுச் சட்டமும் அனுமதியற்ற விற்பனையை இரத்துக்குரியது என்றே கூறுகின்றது. விலை கொடுத்தவர் பல்லாண்டுகளுக்குப் பின்னும் தவிக்க நேரும். வாங்குவோர் நீதிமன்ற உத்தரவின் நகலைப் பாராமல் முன்பணம் கொடுப்பது பேதைமை.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையெனில், 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் தாய் விண்ணப்பிக்கலாம். கணவரின் இறப்புச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்றுகள், வீட்டின் மூலப் பத்திரம் ஆகியவற்றை உடன் கொண்டு செல்க.