புயத்தின் நரம்புகளும் சஸ்திர சிகிச்சையும்

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுவோர் கையை உற்று நோக்குவோமாயின், முழங்கை ஓயாது மடங்குதலையும் நீளுதலையும் காண்போம். மடக்குவன இருதலைத் தசை முதலாய முன்புறத் தசைகள். நீட்டுவது பின்புறத்து முத்தலைத் தசை. (தலைகளின் தொகையால் வந்தமையின் இவை காரணப் பெயர்களென இலக்கணம் பயிலும் யாம் மகிழ்ந்தோம்.) முன்னவற்றை ஏவுவது தசைத்தோல் நரம்பு, பின்னதை ஏவுவது ஆரை நரம்பு.

இவ்வாரை நரம்பு புய எலும்பின் பின்னே, எலும்பை ஒட்டியே சுற்றிச் செல்கின்றது. ஆதலின் இராஜபாளையத்து நூலாலைத் தொழிலாளி ஒருவர் வீழ்ந்து அவ்வெலும்பு நடுவே முறியுமாயின், நரம்பும் ஊறுபடக்கூடும். அப்பொழுதும் முழங்கை பெரும்பாலும் நீளும். முத்தலைத் தசைக்குரிய கிளைகள் மேலேயே பிரிந்துவிடுகின்றன. மணிக்கட்டோ நிமிராது தொங்கும். அக்கையால் அறுந்த இழையை இறுகப் பற்றி முடிதல் அரிது. பிழைப்பே போயிற்றென அவர் அஞ்சுவது இயல்பு. ஆயினும் தோல் கிழியாத முறிவாயின், நரம்பு பெரும்பாலும் சில திங்களில் தானே தேறும்.

தகடு வைத்து எலும்பைப் பொருத்த வேண்டின் கத்தி எவ்வழிச் செல்வது? இருதலைத் தசையின் அடியில் எலும்பைத் தழுவிக் கிடக்கும் தசையொன்றுண்டு. இரு வாய்க்கால் பாயும் வயல்போல, அதன் உட்பாதியைத் தசைத்தோல் நரம்பும், வெளிப்பாதியைப் பெரும்பாலோரிடத்து ஆரை நரம்பும் இயக்குகின்றன. முன்புறமாகச் செல்லும் வைத்தியர் அத்தசையை நடுவே நெடுக்காகப் பிளப்பர். இரு பாதியும் தத்தம் நரம்பை இழவா. வெளிப்பாதி ஆரை நரம்புக்குக் காப்புமாகும். முழங்கையைச் சற்று மடக்கி வைப்பின் தசை தளர்ந்து வேலை எளிதாம். பின்னர்ச் சுற்றும் கட்டுத்துணி, இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டித் தறியில் நெய்ததாகவும் இருக்கலாம்.