சிமெண்ட் சூளைப் புகையில் சாம்பல் சத்து

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று பயிருக்கு வேண்டிய மூன்றை நம் விவசாயிகள் சொல்வார்கள். மூன்றாவதுதான் பொட்டாஷ். முன்பெல்லாம் விறகுச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, வடித்து, காய்ச்சி எடுத்தார்கள். அதனால்தான் இந்தப் பெயர். பிறகு ஜெர்மனியில் ஸ்டாஸ்பர்ட் உப்புச் சுரங்கங்கள் வந்ததும் உலகமே அங்கே போய் நின்றது.

முதல் உலகப் போர் வந்தது. 1915 ஜனவரியில் ஜெர்மனி ஏற்றுமதியை நிறுத்த, அமெரிக்காவில் பொட்டாஷ் விலை எங்கேயோ போய்விட்டது. இத்தனைக்கும் பாறையில் பொட்டாசியத்துக்குப் பஞ்சமே இல்லை. சுத்தமான பொட்டாஷ் ஃபெல்ட்ஸ்பாரில், பொட்டாசியம் ஆக்சைடு கணக்கில், சுமார் 17 சதவீதம் இருக்கிறது. ஆனால் சிலிக்காவோடும் அலுமினாவோடும் இறுகிக் கிடப்பதால் தண்ணீரில் லேசில் கரையாது, பயிருக்கு எட்டாது.

பூட்டைத் திறப்பது சூடு. கல்லைப் பொடித்து, சுண்ணாம்புக்கல்லும் கொஞ்சம் கால்சியம் குளோரைடும் சேர்த்துச் சுட்டால், சுண்ணாம்பு சிலிக்காவைப் பிடித்துக்கொள்ளும். பொட்டாசியம் குளோரினோடு சேர்ந்து உப்பாகிவிடும். அந்த உப்பு 770 டிகிரியில் உருகும். அதற்கும் மேலே சூடு ஏற ஏற ஆவியாகிப் புகையோடு கிளம்பிவிடும். புகை ஆறும்போது தூசியின்மேல் படியும். தூசியைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, வற்றக் காய்ச்சினால் பொட்டாஷ் கையில்!

சிமெண்ட் சூளையில் சூடு 1450 டிகிரியைத் தொடும். அங்கே களிமண்ணில் இருக்கிற பொட்டாசியம் யாரும் கேட்காமலேயே ஓரளவு ஆவியாகிறது. கலிஃபோர்னியாவில் ரிவர்சைடு சிமெண்ட் ஆலைத் தூசி ஆரஞ்சுத் தோப்புகளில் படிந்து பெரிய தகராறாயிற்று. பெர்க்லி வேதியியலார் ஃப்ரெடெரிக் காட்ரெல் கண்டுபிடித்த, மின்சாரத்தால் தூசியை இழுத்துப் பிடிக்கும் கருவியை அங்கே வைத்தார்கள். தொல்லை என்று பிடித்த தூசி, போர்க்காலத்தில் பொட்டாஷுக்காகவே மதிப்புப் பெற்றது. போர் முடிந்து சுரங்கப் பொட்டாஷ் மலிவாக வந்ததும் அந்த மவுசு குறைந்துவிட்டது.

நமக்கு ஏன் இந்தக் கதை? இந்தியா தனக்கு வேண்டிய பொட்டாஷை ஏறக்குறைய முழுவதும் வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறது. சிமெண்ட் உற்பத்தியிலோ உலகில் இரண்டாம் இடம். ஆனாலும் பொட்டாஷுக்காக மட்டும் கல்லைச் சுட்டால் எரிபொருள் செலவுக்கே கட்டாது என்பதுதான் என் கணிப்பு. சிமெண்டோடு உபரியாகக் கிடைத்தால் லாபம். அதிலும் ஒரு சிக்கல்: குளோரின் கூடினால் இன்றைய சூளைகளின் மேல்பகுதியில் உப்பு அப்பிக்கொண்டு வழியை அடைக்கும். அதனால் கொஞ்சம் புகையைத் தனியே பிரித்து விடுகிறார்கள். பொட்டாஷ் அதிகம் சேர்வது அந்தத் தூசியில்தான். ஈயம், காட்மியம் போன்றவையும் கூடவே ஆவியாகி வரும். சோதிக்காமல் வயலில் போடக் கூடாது.