வியாபாரி தள்ளின குலையில் விடுமுறை மில்க் ஷேக்

போன கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், ‘காய் சின்னது’ன்னு ஒரு மட்டிக் குலையை வியாபாரி தள்ளிட்டுப் போனார். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கின நம்ம மாவட்டத்து வாழை! மனசு கேக்கலை.

குலையை வைக்கோல் மூடி வைத்தேன். காயே வெளிவிடும் எத்திலீன் வாயுவில் தானாகப் பழுத்தது. கார்பைடு கல் வேண்டாம். அது சட்டப்படி தடை, ஆர்சனிக் எச்சமும் கலந்திருக்கும்.

விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளைகள் மில்க் ஷேக் கேட்டார்கள். நாலு பேருக்கு அளவு இது: மட்டிப்பழம் எட்டு, தேங்காய் ஒன்று, கருப்பட்டி 50 கிராம், ஏலக்காய் இரண்டு.

கருப்பட்டியை வெந்நீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, நன்றாக ஆறவிடுங்கள். தேங்காயில் முதல் பாலும் இரண்டாம் பாலும் தனித்தனியாகப் பிழியுங்கள். இரண்டாம் பாலில் பழம், கருப்பட்டி, ஏலக்காய் சேர்த்து மிக்ஸியில் அடியுங்கள். முதல் பாலைக் கடைசியில் ஊற்றி ஒரே ஒரு சுற்று. அதிகம் அடித்தால் கொழுப்பு பிரியும். சுடவைத்தால் திரிஞ்சிடும். புளிக்கும் முன் உடனே குடிச்சிடணும்.

எசென்ஸ் வேண்டாம், மட்டியின் மணமே போதும்.

வங்கியில் கணக்கெழுதிப் பழகினவன் சொல்றேன்: கருப்பட்டியும் ஏலக்காயும்தான் செலவு. தள்ளின குலை வரவு.