கட்டிலும் மெத்தையும்

கட்டில் என்பது படுத்து உறங்குவதற்காகக் கால்களின் மேல் சட்டம் பொருத்தி அமைக்கப்படும் அறைகலன் ஆகும். அதன் மேல் இடப்படும், பஞ்சு, நார் அல்லது நுரைப்பொருள் அடைக்கப்பட்ட தடித்த விரிப்பு மெத்தை எனப்படுகிறது. இவ்விரண்டையும் புதிதாக வாங்கும்போது கவனிக்க வேண்டியவற்றை, தமிழ்நாட்டு வீடுகளின் அமைப்பையும், சிறப்பாக ஆரணி போன்ற கைத்தறி ஊர்களின் வாழ்க்கை முறையையும் ஒட்டி இக்கட்டுரை விளக்குகின்றது.

சொல்லும் வரலாறும்

பழந்தமிழில் கட்டில் என்னும் சொல் படுக்கையை மட்டும் குறிக்கவில்லை. அரசனின் இருக்கையும் அரசுகட்டில் என்றே வழங்கப்பட்டது. பாண்டியன் நெடுஞ்செழியன் ஒருவனுக்கு "அரசுகட்டிலில் துஞ்சிய" என்ற அடைமொழி உண்டு. வீர முரசை வைப்பதற்கு முரசுகட்டில் இருந்தது. மோசிகீரனார் என்ற புலவர் களைப்பினால் அதன் மேல் ஏறி உறங்கிவிட, சேரமான் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை அவரைத் தண்டிக்காமல் விசிறி கொண்டு வீசினான் என்னும் செய்தி புறநானூற்றின் 50-ஆம் பாடலில் உள்ளது. முரசை நீராட்டக் கொண்டுசென்றிருந்த வேளையில், மலர் பரப்பிய அக்கட்டிலைப் புலவர் சாதாரணப் படுக்கை என்று எண்ணிக்கொண்டார்.

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றாகிய நக்கீரரின் நெடுநல்வாடை, அரசியின் கட்டிலை விரிவாகவே வருணிக்கிறது. நாற்பது வயது நிரம்பிய யானையின் தந்தம் கொண்டு அது செய்யப்பட்டது என்றும், அன்னத்தின் தூவி அதன் படுக்கையில் இடப்பட்டது என்றும் அதில் காணலாம். ஆயினும் இவை அரண்மனைக்கு உரியவை. பொதுமக்கள் பெரும்பாலும் பாயில்தான் உறங்கினர். கோரைப்பாய் இன்றும் எல்லா ஊர்களிலும் கிடைக்கிறது. திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில் நெய்யப்படும் மெல்லிய பாய் பெயர் பெற்றது. கயிற்றுக் கட்டிலும் நாடாக் கட்டிலும் திண்ணைக்கும் களத்துமேட்டுக்கும் உரியனவாக இருந்தன.

தறி உள்ள வீடு

ஆரணி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதியின் கரையில் அமைந்த பட்டு நெசவு ஊர். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. ஆரணியிலும், தேவிகாபுரம், ஒண்ணுபுரம் முதலிய சுற்றுப்புற ஊர்களிலும் நெசவு வீட்டுத் தொழிலாகவே நடந்து வந்துள்ளது. குழித்தறி உள்ள வீட்டில் நல்ல வெளிச்சமும் இடமும் உள்ள அறை தறிக்கே உரியது. மனிதர்கள் மீதி இடத்தில் உறங்குவர். இத்தகைய வீட்டில் பெரிய இரட்டைக் கட்டில் வாங்கினால், பகல் முழுவதும் யாருக்கும் பயன்படாமல் அது இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். காலையில் சுருட்டி வைக்கக்கூடிய மெத்தை, மடக்குக் கட்டில், அடியில் பெட்டி அறைகள் உள்ள ஒற்றைக் கட்டில் ஆகியவை இங்கு பொருத்தமானவை.

நெசவாளர்கள் முன்புறம் குனிந்தவாறு நெடுநேரம் அமர்ந்து கால்களால் மிதியை மிதித்து வேலை செய்பவர்கள். முதுகுவலி இத்தொழிலோடு வரும் பழைய துன்பம். ஆகவே அவர்களுக்கு மெத்தையின் தன்மை வெறும் வசதி சார்ந்த கேள்வி அன்று, மறுநாள் தறியில் உட்கார முடியுமா என்ற கேள்வியும் ஆகும்.

கடினமா, மென்மையா?

முதுகுவலி உள்ளவர்கள் வெறும் தரையிலோ பலகையிலோ படுக்க வேண்டும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. இது முழுவதும் சரியன்று. ஸ்பெயின் நாட்டில் நாட்பட்ட முதுகுவலி உள்ள 313 பேரிடம் நடத்தப்பட்டு, 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், கடின மெத்தையில் உறங்கியவர்களை விட நடுத்தரக் கடினமுள்ள மெத்தையில் உறங்கியவர்கள் 90 நாட்களுக்குப் பின் கூடுதல் நலம் பெற்றிருந்தனர். மிகக் கடினமான பரப்பில் தோளும் இடுப்பும் மட்டும் அழுத்தம் தாங்குகின்றன. மிக மென்மையான மெத்தையிலோ இடுப்பு அமிழ்ந்து முதுகெலும்பு வளைகிறது. கடையில் மெத்தையைக் கையால் அழுத்திப் பார்ப்பதால் இதனை அறிய இயலாது. வழக்கமாகத் தூங்கும் நிலையில் பத்து நிமிடமாவது படுத்துப் பார்க்க வேண்டும். பலர் கூச்சத்தினால் இதைச் செய்வதில்லை. கூச்சப்படத் தேவையில்லை.

மெத்தை வகைகள்

தமிழ்நாட்டில் நெடுங்காலமாகப் புழங்கி வருவது இலவம்பஞ்சு மெத்தை. இலவ மரத்தின் காய் வெடித்து வரும் இப்பஞ்சின் இழை உள்ளீடற்றது, மெழுகுப் பூச்சு உடையது. இதனால் எடை குறைவு, நீரில் மிதக்கும் ஆற்றல் மிகுதி. முற்காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு மேலங்கிகளில் இது அடைக்கப்பட்டது இதனால்தான். இழை வழுக்கும் தன்மையுடன் குட்டையாகவும் இருப்பதால் நூற்பதற்கு ஏற்றதன்று. "இலவு காத்த கிளி" என்ற பழமொழி பழுக்கும் என்று காத்திருந்து பஞ்சைக் கண்டு ஏமாந்த கிளியைச் சொல்கிறது. கிளிக்குப் பயன்படாதது மனிதர்களுக்குத் தலையணையாயிற்று. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூர் வட்டாரம் இலவம்பஞ்சுக்குப் பெயர் பெற்றது.

இலவம்பஞ்சு மெத்தையில் காற்றோட்டம் உண்டு. வெயில் கடுமையான வட தமிழ்நாட்டு மாவட்டங்களுக்கு இது நல்ல பண்பு. ஆனால் நாளடைவில் பஞ்சு அமுங்கிக் கட்டி தட்டும். அப்போது உறையைப் பிரித்துப் பஞ்சை அடித்துப் பொலபொலப்பாக்கி மீண்டும் அடைக்க வேண்டும். முன்பு வில்லோடு தெருத்தெருவாக வந்து பஞ்சு அடித்துக் கொடுத்தவர்கள் இருந்தனர். இப்போது இயந்திரம் வைத்திருக்கும் மெத்தைக் கடைகளில் இது செய்யப்படுகிறது. பஞ்சு எளிதில் பறக்கும், எளிதில் தீப்பற்றும். பட்டுப் பாவு விரித்திருக்கும் இடத்தின் அருகில் மெத்தையைப் பிரிக்கலாகாது. புதிதாக வாங்கும்போது ஓர் ஓரத்தைப் பிரித்துக் காட்டுமாறு கேட்பது நல்லது. வண்ண நூல் துணுக்குகள் தென்பட்டால் ஆலைக் கழிவுப் பஞ்சு கலந்திருக்கிறது என்று அறியலாம்.

தென்னை நாரின் மேல் இரப்பர் பாலைத் தெளித்து அழுத்திச் செய்யப்படும் நார் மெத்தை கடினமானது. நடுப்பகுதி குழிவது இதன் பொதுவான குறை. சுருள்வில் மெத்தைகள் எடை மிக்கவை, சுருட்ட இயலாதவை.

நுரை மெத்தைகள் பாலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளால் ஆனவை. இவற்றின் தரம் பெரும்பாலும் அடர்த்தியைப் பொறுத்தது. கடைக்காரர் "32 டென்சிட்டி", "40 டென்சிட்டி" என்று சொல்வது ஒரு கன மீட்டருக்கு இத்தனை கிலோகிராம் என்பதையே. இதை வாங்குபவரே சோதிக்கலாம். 72 அங்குல நீளம், 36 அங்குல அகலம், 4 அங்குலத் தடிமன் உள்ள நுரையின் கன அளவு ஏறத்தாழ 0.17 கன மீட்டர். 32 அடர்த்தியானால் அது உறை நீங்கலாக ஏறத்தாழ 5.4 கிலோ, 40 அடர்த்தியானால் 6.8 கிலோ எடை இருக்க வேண்டும். தராசில் வைத்தால் 4 கிலோ காட்டும் மெத்தை சொல்லப்பட்ட அடர்த்தி உடையதன்று. அடர்த்தியும் கடினமும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அடர்த்தி எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைக் காட்டும், கடினத்தைப் படுத்துப் பார்த்தே அறிய வேண்டும்.

அளவும் சட்டமும்

இந்தியச் சந்தையில் ஒற்றைக் கட்டில் மெத்தை 36 அங்குல அகலமும், இரட்டைக் கட்டில் மெத்தை 48, 60 அல்லது 72 அங்குல அகலமும் உடையவை. நீளம் 72, 75, 78 அங்குலம் என வேறுபடும். முதலில் கட்டிலையும் பின்னர் வேறு கடையில் மெத்தையையும் வாங்குவோர் இந்த மூன்று அங்குல வேறுபாட்டினால் அவதிப்படுவது உண்டு. 10 அடி அகலமுள்ள அறையின் நடுவில் 72 அங்குலக் கட்டில் இட்டால் இரு புறமும் இரண்டிரண்டு அடியே மிஞ்சும். வாங்குவதற்கு முன் அறையை மட்டுமன்றி வாசலையும் மாடிப்படித் திருப்பத்தையும் அளக்க வேண்டும்.

மரக் கட்டில்களில் தேக்கு நெடுநாள் உழைக்கும். வேம்பும் நன்று. அழுத்தப்பட்ட மரத்தூள் பலகைகள் விலை குறைந்தவை, ஆனால் நீர் பட்டால் உப்பிவிடும். தரை கழுவும் வழக்கமுள்ள வீடுகளுக்கு அவை ஏற்றவையல்ல. எஃகுக் கட்டிலில் கறையான் தொல்லை இல்லை. மரமோ எஃகோ எதுவாயினும், பழைய கட்டிலை விலைக்கு வாங்கும்போது மூட்டுகளிலும் மெத்தைத் தையல்களிலும் மூட்டைப்பூச்சி உண்டா என்று விளக்கு வைத்துப் பார்க்க வேண்டும்.

சீர்வரிசைக் கட்டில்

தமிழ்நாட்டில் பல குடும்பங்களில் கட்டிலும் மெத்தையும் திருமணச் சீராகவே வீட்டுக்கு வருகின்றன. ஆரணிக்குக் கூறைப்புடவை எடுக்க வருவோர் ஒரு புடவைக்காகப் பகல் முழுவதும் கடை கடையாக ஏறி இறங்குவர். அதே திருமணத்திற்கான கட்டிலை அரை மணி நேரத்தில் முடிவு செய்வர். புடவை சில நாட்கள் உடுத்தப்படும். மெத்தையில் ஒவ்வோர் இரவும் படுக்க வேண்டும். படுக்கப் போகிறவர்களைக் கேளாமல் பெற்றோர் வாங்குவதும், மணமகன் வீட்டார் குறிப்பிட்ட வகையைக் கேட்பதும் வழக்கமாகிவிட்டன. கேட்டுப் பெறுவது 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின்படி குற்றம். கேளாமல் அன்பளிப்பாகத் தரப்படும் பொருட்களுக்குப் பட்டியல் எழுதி வைக்க வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன.

குழந்தைகள்

பெரியவர்களுக்கு இதமான மென்மை கைக்குழந்தைக்கு ஆபத்தாகலாம். முகம் புதையும் மெத்தையிலோ தலையணையிலோ குப்புற விழுந்த குழந்தையால் தலையைத் திருப்ப முடியாமல் மூச்சுத் திணறல் ஏற்படக்கூடும். ஓராண்டு நிறையாத குழந்தையைச் சமமான, உறுதியான பரப்பில், தலையணையின்றி, மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே உள்ள சந்து, மெத்தைக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள இடைவெளி ஆகியவற்றில் குழந்தை சிக்கிக்கொள்ளக்கூடும். எனவே சட்டத்துக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தும் மெத்தையையே வாங்க வேண்டும்.