மோட்டார் ரேடியோவும் ஏரியல் கம்பியும்

திருவதிகையிலிருந்து கடலூருக்கு மோட்டாரில் செல்வோர் ரேடியோவைத் திருப்பினால், சில வண்டிகளில் பேச்சு தெளிவாய்க் கேட்கிறது. சிலவற்றில் கரகரவென்ற இரைச்சலே மிஞ்சுகிறது. உடனே ஒலிபரப்பு நிலையத்தார்மீது பழி சுமத்துவது நம்மவர் வழக்கம். ஆனால் குற்றம் பல சமயங்களில் வண்டியின் ஏரியல் கம்பியிலேயே இருக்கிறது. இதை அற்ப விஷயமென்று நேயர்கள் தள்ளிவிடலாகாது.

2011 டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பண்ணுருட்டிப் பக்கத்துப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. ஊர்கள் பல நாள் மின்சாரமின்றி இருண்டு கிடந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது கடலூரில் 107.8 மெகாஹெர்ட்ஸில் பேரிடர்கால வானொலி ஒன்று நடைபெற்றது. வீட்டு விளக்கணைந்து, செல்போன் கோபுரங்களும் ஊமையான வேளையில், மோட்டார் வண்டியின் பாட்டரி ஒன்றே ரேடியோவைப் பேசவைக்கப் போதும். அப்போது கம்பி சரியாயிராவிட்டால் பாட்டரி இருந்து என்ன பயன்?

கம்பியின் கணக்கு எளிது. முந்நூறை மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். அதில் நாலிலொரு பங்கு கம்பிக்கு உகந்தது. 107.8-க்கு அது சுமார் 70 சென்டிமீட்டர். 720 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலைக்கோ நூறு மீட்டருக்கு மேலாகும். அதை எந்த வண்டி சுமக்கும்? ஆகவே மத்திய அலையைக் குறுங்கம்பியால் ஏற்கும் வண்டியில், கம்பியையும் ரேடியோவையும் இணைக்கும் கேபிள் கூடியவரை குட்டையாயிருத்தல் வேண்டும். கம்பியைக் கூரையின் நடுவில், இஞ்சினுக்கு எட்ட, நிமிர்த்தி நாட்டுவது உத்தமம். தகட்டுக் கூரையே அதற்குப் பூமியாகிறது. கேபிளின் வெளியுறை வண்டியின் உலோகத்தோடு நன்கு பொருந்தவேண்டும். அடியிலுள்ள பெயிண்டும் துருவும் இதைக் கெடுக்கும். சுரண்டிவிட்டு இறுக்கினாலே பாதி இரைச்சல் அடங்குவதுண்டு. ஸ்பார்க் பிளக்கின் பொறியால் எழும் இரைச்சலுக்குத் தடைக் கம்பிகள் உண்டு. மின்சார ஜனனியின் ஊளைக்குக் கண்டென்ஸர் உண்டு.

மின்சார மோட்டார்கள் பெருகும் இந்நாளில் வேறொரு அபாயமும் தலைகாட்டுகிறது. அவற்றின் மின்சாதனங்கள் எழுப்பும் இரைச்சல் மத்திய அலையைக் கலைக்கிறதென்று, உற்பத்தியாளர் சிலர் அந்த அலையையே ரேடியோவிலிருந்து நீக்கிவிட்டனர். 2023-இல் அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனி அவ்வாறு செய்ய முற்பட்டு, பொதுஜன எதிர்ப்புக்கண்டு பின்வாங்கிற்று. இரைச்சலை அடக்குவது உற்பத்தியாளரின் கடமை. காதை அறுப்பது அதற்குப் பரிகாரமாகாது.

புயல் நம் கரையை மறப்பதில்லை. வண்டி வாங்குவோர் மெருகைப் பார்ப்பதோடு ரேடியோவின் இருவகை அலைகளையும் திருப்பிக் கேட்டறிதல் வேண்டும். எந்த வண்டியும் அவற்றைத் தெளிவாய் ஏற்கவேண்டுமென்று சர்க்கார் விதி செய்வதும் அவசியம். மழை பிடித்த பிறகு கம்பியைத் தேடுவது அறிவுடைமையன்று.